இரவு வேலையும் கணினி நாட்காட்டியும்

இரவு 10 மணிக்கு வேலையைத் தொடங்கும் செவிலியர் மறுநாள் காலை 6 மணிக்கு முடிக்கிறார். எத்தனை மணி நேரம்? எட்டு என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கணினியிடம் தேதியைச் சொல்லாமல், 6-லிருந்து 22-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். மைனஸ் 16 என்று விடை வரும்! பாவம், நடுவில் நள்ளிரவு வந்து போனதை அது அறியாது.

ஆகவே நாட்காட்டி மென்பொருள்கள் தொடக்கம், முடிவு இரண்டையும் தேதியோடு சேர்த்தே குறித்துக்கொள்கின்றன. 1998-இல் வகுக்கப்பட்ட ஐகேலண்டர் என்னும் பொது முறையிலும் இதற்கு வழி உண்டு. திரையில் வேலை இரு நாட்களின் கட்டங்களில் இரண்டு துண்டாகத் தெரிந்தாலும் உள்ளே அது ஒன்றுதான்.

தொல்லை தீர்ந்ததா? இல்லை. நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரங்கள் 3 மணிக்குத் தாவின. முந்தைய இரவு 10 மணிக்குத் தொடங்கியவர் காலை 6 மணிவரை உழைத்தது ஏழு மணி நேரமே. நவம்பர் 3-இல் கடிகாரம் ஒரு மணி பின்னுக்கு வந்தது; அதே வேலை ஒன்பது மணி நேரமாக நீண்டது. எட்டு மணிக்கே கூலி போட்டால் உழைத்தவருக்கு ஒரு மணிக் கூலி நஷ்டம் அல்லவா?

இதற்காக மென்பொருள் இரு நேரங்களையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அந்த மார்ச் இரவு வேலை அதில் 3 மணி முதல் 10 மணி வரை. நவம்பர் வேலை 2 முதல் 11 வரை. இப்போது கழித்துப் பாருங்கள்.