பறப்பதைப் படம்பிடிக்கும் கணக்கு

பரங்கிமலை உச்சியில் நின்றால் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுதளம் கண்ணுக்கு எட்டும். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் இறங்கிவரும் ஒரு பயணிகள் விமானம் நமக்கு அரை கி.மீ. தள்ளிக் குறுக்கே கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில், எட்டு மீட்டர் தொலைவில், ஓர் உழவாரன் குருவி பூச்சியைத் துரத்திக்கொண்டு மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகிறது. இரண்டில் எதைத் துல்லியமாகப் படமெடுப்பது கடினம்? சந்தேகமே வேண்டாம், குருவியைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஒன்பது மடங்கு கடினம்.

ரயில் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போது தந்திக் கம்பங்கள் பறந்தோடும், தூரத்து மலை நகரவே நகராது. கேமராவும் உலகை அப்படித்தான் பார்க்கிறது. ஒரு பொருள் மணிக்கு எத்தனை கி.மீ. போகிறது என்பது அதற்குத் தெரியாது. தன் பார்வையில் அப்பொருள் நொடிக்கு எத்தனை டிகிரி நகர்கிறது என்பது மட்டுமே தெரியும். நாம் சொன்ன விமானம் நொடிக்கு 8 டிகிரி நகர்கிறது. குருவி 72 டிகிரி. அந்த விமானத்தின் இடத்தில் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் சீறும் ஒரு போர் விமானத்தை வைத்தாலும் 29 டிகிரிதான். பறப்பதைப் படமெடுக்கும் கலையில் நாம் கற்கவேண்டிய எல்லாமே இந்தக் கோணத்தில்தான் தொடங்குகிறது.

வேடந்தாங்கலுக்குப் போவோம். ஏரிக்கு நடுவே நிற்கும் மரத்தை நோக்கி ஒரு மஞ்சள் மூக்கு நாரை பறந்துவருகிறது. தொலைவு 40 மீட்டர், வேகம் நொடிக்கு 10 மீட்டர். நம்மிடம் 500 மி.மீ. லென்ஸும், 36 மி.மீ. அகலச் சென்சார் உள்ள கேமராவும் இருக்கின்றன. கேமராவை அசைக்காமல் பிடித்திருந்தால், நாரையின் பிம்பம் சென்சாரின் மேல் நொடிக்கு 125 மி.மீ. வேகத்தில் ஓடும். அதாவது, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் நாரை சட்டகத்தின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறிவிடும். 2.4 கோடி பிக்ஸல் கொண்ட சென்சாரில் ஒரு பிக்ஸலின் அகலம் ஏறத்தாழ 0.006 மி.மீ. பிம்பம் ஒரு பிக்ஸலுக்கு மேல் நகராமல் இருக்கவேண்டுமானால் ஷட்டர் 1/20,000 நொடிதான் திறந்திருக்கலாம். பெரும்பாலான கேமராக்களில் அந்த வேகமே கிடையாது.

ஆனாலும் 1/2000 நொடியில் நாரைப் படங்கள் இறகிறகாகத் தெளிவாக விழுகின்றனவே, எப்படி? படமெடுப்பவர் கேமராவை நாரையோடு சேர்த்துத் திருப்புகிறார். நாரை நகரும் கோணத்தில் பத்தில் ஒன்பது பங்கை அவர் உடல் ஈடுகட்டிவிட்டால், மிச்சம் ஒரு பங்குதான். அந்த மிச்சத்தை உறையவைக்க 1/2000 போதும். பறவைப் படங்களுக்கு 1/2000 வையுங்கள் என்று மூத்தவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. ஷட்டர் செய்வது மீதி வேலையை மட்டுமே. பெரிய வேலையை இடுப்பு செய்கிறது. புதிதாக வருகிறவர்கள் லென்ஸுக்கு லட்சங்களைக் கொட்டுவதற்கு முன் ஒரு மாதம் மொட்டைமாடியில் நின்று காக்கைகளையும் புறாக்களையும் பின்தொடர்ந்து பழகவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கால்களைச் சற்று அகட்டி, பறவை வந்து சேரும் திசையை நோக்கிப் பாதங்களை வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்பவேண்டும். கைகளை மட்டும் திருப்பினால் லென்ஸின் முனை ஆடும். பறவை தூரத்தில் வரும்போதே தொடரத் தொடங்கி, ஷட்டரை அழுத்திய பிறகும் சிறிது நேரம் திரும்பிக்கொண்டே இருக்கவேண்டும். அழுத்தும்போது உடலை நிறுத்தினால் படம் கலங்கிவிடும்.

இந்தத் தொடர்தலின் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் பிரான்ஸைச் சேர்ந்த உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மரே. பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்பதை அறிய 1882-இல் அவர் செய்த கருவி, துப்பாக்கியின் வடிவத்தில் இருந்தது. தோளில் கட்டையை அணைத்து, குழலால் பறவையைக் குறிபார்த்து, விசையை இழுத்தால் உள்ளே ஒரு தட்டு சுழன்று நொடிக்கு 12 படங்களைப் பதிவுசெய்யும். ஒவ்வொரு படத்துக்கும் ஒளி படும் நேரம் 1/720 நொடி. 140 ஆண்டுகளுக்கு முன் இது வியப்பூட்டும் வேகம். ஆயினும் எனக்கு அந்த எண்ணைவிட வடிவமே பெரிதாகப் படுகிறது. பறப்பதைப் பதிவுசெய்ய வேண்டுமானால் கருவி உடலோடு ஒட்டி, உடலோடு திரும்பவேண்டும் என்பதை மரே அப்போதே கண்டுகொண்டார். இன்று நீண்ட லென்ஸைத் தாங்கி நிற்கும் ஒவ்வொருவரும் அவருடைய நிலையில்தான் நிற்கிறார்கள்.

கோணத்தைக் குறைக்க இன்னொரு துணையும் உண்டு: காற்று. பறவையும் விமானமும் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். இறக்கைக்கு வேண்டியது காற்றோடு ஒப்பிட்ட வேகம். ஆகவே எதிர்காற்று அடித்தால் தரையோடு ஒப்பிட்ட வேகம் குறையும். நொடிக்கு 10 மீட்டர் பறக்கும் நாரை 5 மீட்டர் எதிர்காற்றில் வந்தால், நம் கண்ணுக்கு அது பாதி வேகத்தில்தான் நகரும், கோணமும் பாதி. காற்று நம் முதுகில் பட்டால் இறங்கும் பறவை நம் முகத்தைப் பார்த்து வரும். சென்னையின் முதன்மை ஓடுதளம் 07, 25 என்று இருபுறமும் எண்ணிடப்பட்டது. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்து கிழக்கு நோக்கி இறங்கும். தென்மேற்குக் காற்றில் இது தலைகீழாகும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் காற்றைப் பார்ப்பது, வெளிச்சத்தைப் பார்ப்பதற்குச் சமமான வேலை.

பறவை குறுக்கே போகாமல் நம்மை நோக்கி நேராக வந்தால் கோணச் சிக்கல் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஃபோகஸ் சிக்கல் வந்து உட்காருகிறது. 500 மி.மீ. லென்ஸை எஃப் 5.6-இல் வைத்து 20 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ அரை மீட்டர். நொடிக்கு 10 மீட்டர் பறக்கும் பறவை அந்த அரை மீட்டரை 1/20 நொடியில் கடந்துவிடும். பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் பொத்தானை அழுத்தியபின் கண்ணாடி மேலெழுந்து ஷட்டர் திறக்க ஆகும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆக, அழுத்திய நொடியில் ஃபோகஸ் மிகச்சரியாக இருந்தாலும், படம் பதியும்போது பறவை அங்கே இருக்காது. பறவை இருக்கும் இடத்தில் ஃபோகஸ் செய்தால் தோல்வி. அது இருக்கப்போகும் இடத்தில் செய்யவேண்டும்.

இதைத் தீர்த்ததுதான் ஆட்டோ ஃபோகஸின் உண்மையான சாதனை. லென்ஸின் ஓர் ஓரம் வழியாக வரும் ஒளியையும் எதிர் ஓரம் வழியாக வரும் ஒளியையும் கேமரா தனித்தனியே பிரித்துப் பார்க்கிறது. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டு பிம்பங்களும் பொருந்தும். பிசகியிருந்தால் விலகி நிற்கும். அந்த விலகலின் திசையும் அளவும் சேர்ந்து, லென்ஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தவேண்டும் என்பதை ஒரே அளவீட்டில் சொல்லிவிடும். 1985-இல் வந்த மினோல்ட்டா 7000, இந்த ஏற்பாட்டைக் கேமராவின் உடலுக்குள்ளேயே வைத்து எஸ்.எல்.ஆர். உலகை மாற்றியது. அடுத்து வந்த கேமராக்கள் அடுத்தடுத்த அளவீடுகளிலிருந்து பறவையின் வேகத்தைக் கணித்து, ஷட்டர் திறக்கும் நொடியில் அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே லென்ஸை நகர்த்தக் கற்றுக்கொண்டன. இப்போதைய கண்ணாடியில்லாக் கேமராக்களோ ஆயிரமாயிரம் பறவைப் படங்களால் பயிற்றுவிக்கப்பட்டவை. பறவையின் கண்ணையே தேடிப் பிடிக்கின்றன. இருந்தும் நீல வானத்தை விட்டுப் பறவை மரங்களின் முன்னே வந்துவிட்டால் ஃபோகஸ் மரத்துக்குத் தாவிவிடும் ஆபத்து இன்னும் முழுதாகத் தீரவில்லை. வானம் பின்னணியாக இருக்கும்போதே பிடித்துக்கொள்வது நல்லது.

விமானங்களைப் படமெடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அரை கி.மீ. தொலைவில் அதே லென்ஸின் தெளிவு ஆழம் 300 மீட்டருக்கு மேல். ஒரு விமானம் முழுதும் அதில் அடங்கிவிடும். அவர்களுக்கு வேறொரு வேதனை இருக்கிறது: வேகமான ஷட்டரே எதிரியாகிவிடும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு ஆறு அலகுகள் கொண்ட சுழலிகள். அவை உச்சத்தில் நிமிடத்துக்கு 1200 முறை, அதாவது நொடிக்கு 20 முறை சுற்றும். 1/2000 நொடியில் எடுத்தால் அலகு 4 டிகிரிகூட நகர்ந்திருக்காது. எஞ்சின் நின்றுபோய் விமானம் வானில் தொங்குவதுபோல் இருக்கும், உயிரற்ற படம். 1/125 நொடியில் எடுத்தால் ஒவ்வோர் அலகும் 58 டிகிரி சுழலும். அலகுகளுக்கு இடைவெளியோ 60 டிகிரி. ஆறும் சேர்ந்து ஒளிரும் வட்டமாகிவிடும். ஆனால் 1/125-இல் விமானத்தின் உடல் கலங்காமல் இருக்க, அதன் நகர்வில் நூற்றில் 99 பங்கை நாம் ஈடுகட்டியாக வேண்டும். பத்துப் படத்தில் ஒன்பது வீணாவது இங்கே இயல்பு.

பறவையின் சிறகு வேறு கதை. மாடப்புறா நொடிக்கு ஆறு முறை சிறகடிப்பதாகக் கொண்டால், சிறகின் நுனி சராசரியாக நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் போகிறது. உடலை எவ்வளவு கச்சிதமாகத் தொடர்ந்தாலும் சிறகைத் தொடர முடியாது. 20 மீட்டர் தொலைவிலிருந்து 1/2000-இல் எடுத்தால் நுனி ஏறத்தாழ 20 பிக்ஸல் அகலத்துக்குக் கலங்கும். சிறகு மேலே உயர்ந்து திரும்பும் கணத்திலும், கீழே தாழ்ந்து திரும்பும் கணத்திலும் அது நின்று திரும்புகிறது. அப்போது எடுத்த படங்களில் நுனியும் தெளியும். எனக்கோ கண்ணும் அலகும் தெளிவாக இருந்து சிறகு நுனி லேசாகக் கலங்கிய படங்களே பிடிக்கும். அதில்தான் பறத்தல் தெரிகிறது.

ஷட்டரைப் பற்றி இன்னொன்று. சென்சாரின் வரிகளைக் கேமரா ஒரே நேரத்தில் படிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. மின்னணு ஷட்டரில் பழைய சென்சார்கள் இதற்கு 1/30 நொடிகூட எடுத்துக்கொண்டன. அதற்குள் சுழலியின் அலகு ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுவதால், படத்தில் அது வளைந்து துண்டுதுண்டாக மிதக்கும். சிறகுகளும் இப்படி முறுக்கிக்கொள்ளும். எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிவுசெய்யும் முழுச்சட்டகச் சென்சாரை 2023-இல் சோனி ஏ9 3 கேமராவில் கொண்டுவந்தது.

வேகத்துக்கு விலை வெளிச்சம். 1/500-இலிருந்து 1/2000-க்குப் போனால் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். நடுப்பகல் வெயிலில் இது பொருட்டே இல்லை, எஃப் 5.6, 1/3200, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 400 போதும். ஆனால் பறவைகள் கூட்டைவிட்டு எழும் விடியலில் ஐ.எஸ்.ஓ. 6400-ஐத் தாண்டிவிடும்; படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் ஏறும். இரைச்சலை மென்பொருளால் பெருமளவு நீக்கலாம். கலங்கிய கண்ணைத் தெளிவாக்க முடியாது. எனவே தயங்காமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள்.

சிலர் பறவை தானாக எழும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், கல்லெறிந்தும் கைதட்டியும் பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் படம் எடுக்கிறார்கள். பெற்றோர் எழுந்துபோன கூட்டில் வெயிலில் காயும் குஞ்சு அதற்கு விலை கொடுக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே ஊர்க்காரர்கள் விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய்க் கல்லெடுக்க ஒருவருக்கு எப்படி மனம் வரும்? எழப்போகும் பறவை தானாகவே சொல்லும்: காற்றை நோக்கித் திரும்பும், உடலைத் தாழ்த்தும், பல நேரம் எச்சமிடும். கண் பார்த்து விரல் அழுத்த 1/5 நொடி ஆகும் என்பதால் இந்தக் குறிகளைக் கண்டதுமே அழுத்தத் தொடங்கிவிடவேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தும் தோற்கடிக்கக்கூடியது சூடான காற்று. பெங்களூரு எலகங்காவில் பிப்ரவரியில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குப் போனவர்களுக்கு இது தெரியும். காலையில் கூர்மையாக விழுந்த படங்கள் பகல் ஏற ஏறக் குழைந்துபோகும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒரு பங்கு மாறுகிறது. அற்ப மாற்றம்தான். ஆனால் 500 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்ஸல் என்பதே ஒரு டிகிரியின் 1,450-இல் ஒரு பங்கு. வெயிலில் காய்ந்த ஓடுதளத்தின் மேல் அலையும் காற்றுத் திட்டுகள் ஒளிக்கதிரை அதைவிட அதிகமாக வளைத்துவிடும். விலையுயர்ந்த லென்ஸாலும் வேகமான ஷட்டராலும் இதைச் சரிசெய்ய முடியாது. நீண்ட லென்ஸ் இன்னும் பெரிதாக்கித்தான் காட்டும். வெயில் ஏறிய பிறகு ஓடுதளத்தில் இருப்பதை விட்டுவிட்டு உயரே பறப்பதை எடுங்கள். லென்ஸை மேலே திருப்பும்போது, தரையை ஒட்டிய சூடான காற்றடுக்கை ஒளி மிகக் குறைந்த தூரமே கடந்து வருகிறது.