வேலைச் சட்டையில் ஒரு போர்வை

அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. வேட்டி, நல்ல சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டோம். செம்பனை ஆலைக்குப் போட்டுச் சென்ற நீலச் சட்டைகள் ஐந்து மட்டும் அலமாரியில் கிடந்தன. கழுத்து நைந்து, எண்ணெய்க் கறை போகாத துணியை யாருக்குக் கொடுப்பது? "தூக்கிப் போட மனசு வரலை, நீயே பாரு" என்று அம்மா என்னிடம் தள்ளிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மிசோரி பெட்வே தைத்த போர்வையைப் படத்தில் பார்த்தேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மூன்று பக்கமும் ஆறு வளைத்த சிற்றூர் ஜீஸ் பெண்ட். முன்பு பருத்தித் தோட்டம். அங்கே அடிமைகளாக உழைத்த கறுப்பினத்தவரின் வாரிசுகளே ஊர்க்காரர்கள். பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. அது தோட்ட முதலாளியின் பெயர்! தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்த வரியைத் தாண்டச் சற்று நேரம் பிடித்தது.

கணவர் இறந்தபின், 1942-இல், அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து மிசோரி அந்தப் போர்வையைத் தைத்தார். அவர் நினைவாக வைத்துக்கொள்ள, அன்போடு போர்த்திக்கொள்ள என்று அம்மா சொன்னதை மகள் அர்லோன்சியா பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அந்த ஊரில் போர்வை முதலில் குளிருக்குத்தான். பலகை வீட்டின் இடுக்குகளில் காற்று புகும். பழைய கால்சட்டை, மாவுச் சாக்கு என்று கிடைத்ததெல்லாம் மேல்துணி. நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி; மூன்றையும் சேர்த்து வரிவரியாகக் கைத்தையல். கால்சட்டைப் பையைப் பிரித்த இடம், வெயில் படாததால், அடர்நீலமாகத் தெரியும். அதை மறைக்க மாட்டார்கள். அதுவே அழகு. அச்சு மாதிரியைப் பார்க்காமல் மனம்போனபடி தைப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் 'என் வழி'.

1960-களில் ஊர்மக்கள் வாக்காளராகப் பதியக் கிளம்பியதும் படகுச் சேவை நின்றது. மீண்டும் ஓடியது 2006-இல்! இடையில், 1966-இல், அந்த வட்டாரப் பெண்கள் கூட்டுறவு தொடங்கிப் போர்வைகளை விற்றார்கள். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவரில் அவை ஓவியங்களைப் போலத் தொங்கின. படகு திரும்பிய அதே 2006-இல் அஞ்சல் தலைகளும் வந்தன.

சென்ற ஞாயிறு அப்பாவின் சட்டை ஒன்றில் பையைப் பிரித்தேன். அடியில் புத்தம் புதுசாக நீலம். அம்மா விரலால் தடவினார். "வாங்கினப்ப இந்த நிறந்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மற்ற நான்கையும் எடுத்து வந்து, கத்தரிக்கோலோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.