பத்தியில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா?

ஆங்கிலத் தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் கீழே ஐந்தாறு வினாக்களையும் கொடுத்து, படித்து விடை எழுதுக என்று கேட்பது வழக்கம். விடை முழுவதும் கண்முன்னே அச்சாகியிருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஆயினும் தமிழ்வழியில் படித்த மாணவர்கள் பலர் மதிப்பெண்ணை இழப்பது இவ்விடத்தில்தான். ஆங்கிலச் சொற்கள் தெரியாததே காரணம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. மறு பாதியை இங்கே காண்போம்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆங்கில ஆசிரியர்கள் பொறுத்தருள்க! பள்ளி முழுதும் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில நூலைக் கையில் எடுக்கும் திருப்பூர் வட்டார மாணவர்களோடுதான் எனக்கு நாள்தோறும் வேலை. அவர்களுக்காக ஒரு பயிற்சித் தேர்வு தயாரித்தேன். வேண்டுமென்றே அவர்கள் நன்கு அறிந்த சாயநீரைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். ஏழே வாக்கியங்கள். பத்தியைத் தமிழில் தருகிறேன்:

“பருத்தித் துணிக்கு வினைபடு சாயம் ஏற்றும்போது, சாயம் இழையில் நன்கு படிவதற்காகத் தொட்டியில் உப்பு சேர்க்கப்படுகிறது. உப்பு துணியில் தங்குவதில்லை; ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. கழிவுநீரிலிருந்து நிறத்தை அகற்றிவிட்டால் உப்பும் அகன்றுவிட்டதாக ஆகாது. கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத நிலையை எய்தத் தவறிய திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நன்னீரைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்குவது செலவு மிகுந்த வேலை. ஆகவே சில ஆலைகள் அவ்வுப்புநீரின் ஒரு பகுதியைத் தூய்மைசெய்து மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்புகின்றன. இது புது உப்பின் தேவையைக் குறைக்கக் கூடும்.”

முதல் வினா எளியது: கழிவுநீரில் உப்பு மிகுந்திருப்பது ஏன்? இரண்டாம் வாக்கியத்தைப் பார்த்து எழுதிவிடலாம். எல்லோரும் எழுதினார்கள்.

இரண்டாம் வினா: நிறமற்ற கழிவுநீர் உப்பற்றது, சரியா தவறா? மூன்றாம் வாக்கியம் வேறு சொற்களில் இதைத்தான் சொல்கிறது, விடை, தவறு. வினாவில் உள்ள சொல் அப்படியே பத்தியில் வர வேண்டும் என்று தேடுகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். வினாவைத் தயாரிப்பவர் வேண்டுமென்றே சொல்லை மாற்றுவார். சொல்லைத் தேடாமல் பொருளைத் தேடுங்கள்.

மூன்றாம் வினா: கடைசி வாக்கியத்தில் வரும் ‘இது’ எதைக் குறிக்கிறது? ஆங்கிலத்தில் ‘திஸ்’. பெரும்பாலோர் அதற்கு அருகிலுள்ள பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘சாயத்தொட்டி’ என்று எழுதினார்கள். அறிவியல் சற்று நன்றாகத் தெரிந்தவர்கள் ‘ஆவியாக்குவது’ என்று எழுதினார்கள். இரண்டும் பிழை. உப்புநீரைத் தூய்மைசெய்து திருப்பி அனுப்பும் செயல் முழுவதையும் அந்த ஒரு சொல் சுட்டுகிறது. ‘இது’ இருக்குமிடத்தில் உங்கள் விடையை வைத்துப் படித்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் உடனே தெரிந்துவிடும். சாயத்தொட்டி எப்படி உப்பின் தேவையைக் குறைக்கும்?

ஆவியாக்குவதற்கு ஏன் செலவு மிகுதி என்று கேட்பீர்களானால், அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு அது தேவையில்லை. ஒரு லிட்டரில் 6 கிராம் சோற்றுப்பு கரைந்த நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 5 வளிமண்டல அழுத்தம். அதைவிட மிகுந்த அழுத்தத்தில் தள்ளினால்தான் நன்னீர் சவ்வைக் கடந்து வரும். நன்னீர் வர வர, எஞ்சிய கரைசல் செறிவடைகிறது. லிட்டருக்கு 60 கிராமாகிவிட்டால் ஏறத்தாழ 50 வளிமண்டல அழுத்தத்தை வெல்ல வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் சவ்வை விட்டுவிட்டுக் கொதிகலனை நாட வேண்டியதுதான். நீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை உள்ளுறை வெப்பப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

சொற்கள் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் பிடிபடாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அமிலத்தை நீரில் ஊற்று’ என்றாலும் ‘நீரில் அமிலத்தை ஊற்று’ என்றாலும் ஒன்றே. ஆங்கிலத்தில் ‘ஆட் ஆசிட் டு வாட்டர்’ என்பதில் இரண்டு பெயர்களும் இடம் மாறினால் செயலே தலைகீழாகிவிடும். அடர் கந்தக அமிலத்தில் நீரை ஊற்றினால் வெப்பம் பெருகி, நீர் கொதித்து, அமிலம் முகத்தில் தெறிக்கும். ‘டு’ என்ற சிறு சொல்லைக் கண் தாண்டிப் போவதற்குத் தேர்வுத்தாளில் விலை ஒரு மதிப்பெண். ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு மலிவாக முடியாது.

நான்காம் வினா: உப்புநீரை மீண்டும் பயன்படுத்தும் எல்லா ஆலைகளிலும் புது உப்பின் தேவை நிச்சயம் குறைகிறது என்று ஆசிரியர் கூறுகிறாரா? இல்லை. அவர் எழுதியது ‘மே’. குறைக்கக் கூடும் என்றாரே தவிர, குறைக்கிறது என்று சொல்லவில்லை. ‘சம்’ என்றால் சில. அதை ‘ஆல்’ ஆக்க நமக்கு உரிமையில்லை. ‘எ ஃப்யூ’ என்பதும் ‘ஃப்யூ’ என்பதும் அவ்வாறே: முன்னது ‘சிலர் வந்தார்கள்’, பின்னது ‘சிலரே வந்தார்கள்’. நம் ஏகாரம் செய்யும் வேலையை அங்கே ஓர் ‘எ’ இல்லாமை செய்கிறது!

‘மே’ என்பதை ‘ஒருவேளை, அலட்சியமாக இருக்கலாம்’ என்று படிப்பதும் ஆபத்து. சாயப்பட்டறைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு, ஈரம் பட்டால் தானே சூடேறும். அதன் கலத்தின் மேல் ‘மே கேட்ச் ஃபயர்’ என்ற எச்சரிக்கை இருக்கும். தீப்பிடித்தே தீரும் என்று அது கூறவில்லை. தீப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு என்று கூறுகிறது. இப்பொருளை அள்ளிப் போடும் இளைஞருக்கும் ஆங்கிலப் பத்தியைப் படிக்கத் தெரிய வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஐந்தாம் வினாவுக்கு வருவோம். ‘நொய்யல் ஆறு இப்போது தூய்மையாகிவிட்டது.’ சரி, தவறு, பத்தியில் கூறப்படவில்லை ஆகிய மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது! சாயத்தொழிலில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பலர் ‘சரி’ என்றனர். ஆற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் ‘தவறு’ என்றனர். ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயநீர் தேங்கி, அதன் கீழுள்ள நிலங்களும் கிணறுகளும் கெட்ட கதையை அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். இரு சாராரும் தங்களுக்குத் தெரிந்ததை மனச்சாட்சியோடுதான் எழுதினார்கள். ஆனால் பத்தியில் நொய்யல் என்ற பெயரே இல்லை. ‘கூறப்படவில்லை’ என்பதே விடை.

“உண்மை எங்களுக்குத் தெரியும்போது தெரியாததுபோல் எழுதுவதா?” என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. நீரில் கரைந்துள்ள திண்மங்களின் அளவைக் காட்டும் சிறு கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘1,200’ என்று எண் தோன்றுகிறது. உண்மையில் அக்கருவி உப்பை எடை போடுவதில்லை. நீரின் மின்கடத்து திறனை அளக்கிறது. அதை ஓர் எண்ணால் பெருக்கி, இவ்வளவு உப்பு இருக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டுகிறது. சாயம் மின்னேற்றமற்ற மூலக்கூறாகக் கரைந்திருந்தால் கருவிக்கு அது புலப்படவே புலப்படாது. அளந்தது எது, அளந்ததிலிருந்து ஊகித்தது எது, கருவி பேசாமல் விட்டது எது என்று மூன்றாகப் பிரித்துக் குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறோம் அல்லவா? பத்தியையும் அவ்வாறே படிக்கலாம். நொய்யலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பொய்யாகிவிடவில்லை; அது இந்தக் கருவி காட்டிய அளவு அன்று, அவ்வளவுதான். பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். இந்த விடைத்தாளில் அதற்கு இடமில்லை.

ஊகத்துக்கே இடமில்லை என்றும் கொள்ளக் கூடாது. ‘இன்ஃபர்’ என்று வினாவில் இருந்தால் ஊகித்தே ஆக வேண்டும். ‘2011 ஜனவரிக்கு முன் எல்லா ஆலைகளும் கழிவுநீரை முற்றிலும் தடுத்துவிட்டனவா?’ என்று கேட்டால், இல்லை என்று துணிந்து எழுதலாம். தவறிய ஆலைகளை மூட ஆணையிட்டார்கள் என்றால், தவறிய ஆலைகள் இருந்தன என்றுதானே பொருள்? விரலை வைத்துக் காட்ட வரியில் ஓர் இடம் இருக்கும் ஊகமே செல்லும்.

கடைசி வினா: பத்திக்குப் பொருத்தமான தலைப்பு எது? ‘திருப்பூரின் பின்னலாடைத் தொழில்’, ‘2011ஆம் ஆண்டு ஆணை’, ‘சாயநீரில் உப்பு’ என்று மூன்றைக் கொடுத்திருந்தேன். மிகப் பலர் குறித்தது இரண்டாவதை. வேலை நின்றுபோன பெற்றோரின் பேச்சு எத்தனை வீடுகளில் இன்னும் இருக்கிறதோ! ஆனால் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். ஏழில் ஆணை வருவது ஒன்றில் மட்டும். உப்பு என்ற சொல் வராத வாக்கியமும் அது ஒன்றுதான்.