‘துணி’ என்னும் சொல்: வேரும் பொருள்விரிவும்

ஒரு சொல் பல பொருள் தருவதற்கு எடுத்துக்காட்டாகத் ‘துணி’ என்பதை வகுப்பறைகளில் கூறுவது வழக்கம். உடுக்கும் துணி ஒன்று. ‘துணிந்து செல்’ என ஏவும் துணி மற்றொன்று. இவ்விரண்டும் வடிவால் ஒத்துப் பொருளால் தொடர்பற்றவை என்றே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, ஆடை மானத்தைக் காத்துத் துணிவு தருவதால் துணி எனப் பெயர் பெற்றது என்னும் விளக்கமும் மேடைகளில் ஒலிப்பதுண்டு. முன்னது உள்ள உறவைக் காணத் தவறுகிறது. பின்னது இல்லாத உறவைப் படைக்கிறது. ஆடையிலிருந்து துணிவு பிறக்கவில்லை. துணிவிலிருந்து ஆடையும் பிறக்கவில்லை. இரண்டும் ‘வெட்டுதல், அறுதல்’ என்னும் ஒரே வினையிலிருந்து கிளைத்தவை.

துணிதல் என்பது தன்வினை. அற்று வேறாதல் என்பது அதன் முதற்பொருள். துணித்தல் என்பது அதன் பிறவினை; அறுத்து வேறாக்குதல் என்பது பொருள். மதுரைக்காஞ்சியில் நெய்தல் நிலத்துத் திமிலர் அரிந்த மீன், துடியின் கண்போல் வட்ட வட்டமான ‘துணியல்’ எனப்படுகிறது. அரியப்பட்ட துண்டமே அங்குத் துணியல். நெசவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிற திராவிட மொழிகளும் இம்முதற்பொருளுக்கே சான்றாகின்றன. தெலுங்கில் ‘துனக’, கன்னடத்தில் ‘துணுகு’ ஆகியவை துண்டு, சிறு கூறு என்னும் பொருளுடையன; அம்மொழிகளில் ஆடையைக் குறிக்க வேறு சொற்கள் வழங்குகின்றன. மலையாளத்திலோ தமிழைப் போலவே ‘துணி’ ஆடையைக் குறிக்கிறது. எனவே துண்டு என்பது பழம்பொருள் என்றும், ஆடை என்பது தமிழும் மலையாளமும் பொதுவாகப் பெற்றுள்ள சிறப்புப் பொருள் என்றும் கொள்வதே பொருந்தும்.

துண்டு எவ்வாறு ஆடையாயிற்று என்பதைத் தறியருகே நின்றால் எளிதில் உணரலாம். ஒரே பாவில் பல சேலைகளையோ பல வேட்டிகளையோ நெசவாளர் தொடர்ந்து நெய்கின்றனர். நெய்யப்படும் வரை அது ஒரு நீண்ட பரப்பு. அறுத்த பின்னரே ஒரு சேலை, ஒரு வேட்டி என எண்ணத்தக்க பொருளாகிறது. தைத்து உடுக்கும் சட்டைக்குத் தறிக்குப் பின்னும் வேலை உண்டு. வேட்டிக்கும் சேலைக்கும் தோளில் இடும் துண்டுக்கும் தையற்காரர் வேண்டுவதில்லை. தறியிலிருந்து அறுக்கும் செயலே அவற்றை ஆடையாக நிறைவு செய்கிறது. தையாத ஆடையே பெருவழக்காக இருந்த நாட்டில், ஆடை ‘அறுக்கப்பட்டது’ என்னும் பெயரைப் பெற்றது இயல்பே. இலக்கண முறையில் நோக்கின், துணி என்னும் வினைமுதனிலை விகுதி ஏதும் பெறாமல் பெயராகி, அவ்வினைக்கு உட்பட்ட பொருளைக் குறித்து நிற்கிறது.

இம்முடிவுக்கு வலுவான துணை ‘அறுவை’ என்னும் சொல்லாகும். சங்கப் பாடல்களில் ஆடைக்கு அறுவை, கலிங்கம், துகில், உடுக்கை முதலியனவே பெருவழக்கு. அறு என்னும் வினையடியுடன் வை விகுதி சேர்ந்தது அறுவை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு அளிக்கும் உடை, பாம்பின் சட்டையை ஒத்த நுண்ணிய அறுவையாகும். அதற்குச் சற்று முன்னர்ப் பொருநன் களைந்தது வேற்றிழை நுழைத்துத் தைக்கப்பட்ட ‘துன்னற் சிதாஅர்’. இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வருவது கருதத்தக்கது. தையல் பெற்றது கந்தல். தையலே அறியாமல் புதிதாக அறுபட்டு வந்தது கொடைக்குரிய ஆடை. புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இருப்பதும், சிலப்பதிகார ஊர்காண் காதையில் மதுரையின் ‘அறுவை வீதி’ இடம்பெறுவதும் இச்சொல் வணிக வழக்கிலும் ஊன்றியிருந்தமைக்குச் சான்று. (இன்று அறுவை என்றால் மருத்துவமனையும், பேச்சு வழக்கில் சலிப்பூட்டும் உரையாடலுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் அது நறுமணம் ஊட்டிய மடிகள் அடுக்கிய கடைத்தெரு.)

அதே ஊர்காண் காதையின் உரையில் அடியார்க்கு நல்லார் 30-க்கும் மேற்பட்ட ஆடை வகைகளின் பெயர்களை அடுக்குகிறார். கோசிகம், பீதகம், நுண்துகில், தேவாங்கு, சில்லிகை எனத் தொடரும் அப்பட்டியலில் துணி இல்லை. அது வியப்பன்று. அவை இழையாலும் நிறத்தாலும் ஊராலும் பெற்ற வகைப் பெயர்கள். துணியோ வகையைச் சுட்டாத பொதுப்பெயர். இப்பொதுத்தன்மையே பிற்காலத்தில் அதற்கு வலிமையாயிற்று. பட்டாயினும் பருத்தியாயினும், தைக்காததாயினும் தைத்ததாயினும், திருநாளுக்கு ‘எடுக்கும்’ புதுத்துணியாயினும் அடுப்படிக் கரித்துணியாயினும் இன்று ஒரே சொல் போதுமானதாக உள்ளது. ‘சட்டைத்துணி’ என்பதில் அது மூலப்பொருள். ‘துணி துவைத்தல்’ என்பதில் உடுத்தும் உடை. ‘துணிமணி’ என்பதில் உடைமையின் தொகுதி.

இனி, மனத்தின் துணிவுக்கு வருவோம். வெட்டுதல் எவ்வாறு முடிவெடுத்தலாயிற்று? ஐயம் என்பது இரு பக்கமும் பற்றி நிற்கும் நிலை. அதில் ஒரு பக்கம் அற்று வீழ்ந்தால் எஞ்சுவது முடிவு. இப்பொருள் தன்வினை வடிவிலேயே அமைந்திருப்பது நோக்கத்தக்கது. முடிவு கொண்டவன் ‘துணிந்தான்’ எனப்படுகிறானே அன்றித் ‘துணித்தான்’ எனப்படுவதில்லை. சங்கப் பாடல்களில் தெளிந்த நீர் ‘துணிநீர்’ எனப்படுவதையும் இதனுடன் இணைத்துக் காணலாம். கலங்கல் பிரிந்து நீங்கிய நீர் அது. ஐயம் பிரிந்து நீங்கிய அறிவுக்கும் அதுவே பெயராயிற்று. உரையாசிரியர்கள் தம் முடிவைத் ‘துணிபு’ என்பதும், நன்னூல் கூறும் எழுவகை மதத்துள் இருவர் மாறுபடக் கொண்டவற்றுள் ஒன்றைத் துணிதல் ஒன்றாக அமைவதும் இந்தப் பொருள் பற்றியே.

முடிவிலிருந்து வீரத்திற்குச் செல்லும் வழியைத் திருக்குறளில் தெளிவாகக் காணலாம். ஆராய்ச்சியின் எல்லையாகக் கூறப்படும் துணிவு (671) தெளிந்த முடிவு. அரசனுக்கும் தூதனுக்கும் வேண்டிய துணிவுடைமை (383, 688) அஞ்சாமை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது தெரிந்துசெயல்வகையில் வரும் ‘துணிக’ (467). அதற்குப் பரிமேலழகர் ‘தொடங்குக’ எனப் பொருள் கொள்கிறார். முடிவு செய்தலை அடுத்து நிகழ்வது செயலில் இறங்குதல். இடர் தெரிந்தும் இறங்குவதற்கு வேண்டுவது நெஞ்சுரம். துணிச்சல், துணிகரம் ஆகிய இக்காலச் சொற்கள் இந்த இறுதிப் படியிலேயே நிற்கின்றன. செய்தித்தாள்களின் ‘துணிகரக் கொள்ளை’ என்னும் வழக்கில் ஆராய்ந்து முடிவுசெய்தல் என்னும் பழம்பொருளின் சாயல் சிறிதும் இல்லை.

ஆடை, முடிவு என்னும் இரு பொருள்களும் ஒரு வேரில் கூடியது தற்செயலாகாதா என்னும் ஐயம் எழலாம். அதற்கும் அறு என்னும் வினையே விடை தருகிறது. அறு என்பதிலிருந்து ஆடையாகிய அறுவை பிறந்தது. அதே வினையிலிருந்து முடிவாகிய அறுதியும், அறுதியிடுதல், வரையறை என்பனவும் பிறந்தன. ஒரே பொருளுடைய இரு வினைகள் தனித்தனியே அதே இரு திசைகளில் விரிந்துள்ளன. ஆகவே ஆடைத் துணியையும் மனத்துணிவையும் தொடர்பற்ற ஒப்புருச் சொற்களாகப் பிரிக்காமல், ஒரு வேர்ச்சொல்லின் கீழ் வரிசைப்படுத்துவதே அகராதி நெறிக்கு உகந்தது. ஊடலையும் வெறுப்பையும் குறிக்கும் ‘துனி’ மட்டும் இக்குடும்பத்தைச் சேராது. ணகர னகர வேறுபாடு பேச்சில் மங்கியதால் இரண்டையும் மயங்குவோர் உளர்.

‘வெட்டுதல்’ ஆடைப்பெயராகும் இந்நெறியைக் கண்டவர்கள், அதனை எல்லா ஆடைப்பெயர்க்கும் விரிக்க முற்பட்டதும் உண்டு. துண்டு என்பதில் ஐயமில்லை. மணமகளுக்குரிய கூறையைக் ‘கூறு’ என்பதன் வழிப்பட்டதாகக் கொள்வதும் ஏற்புடையதே. ஆனால் ‘வெட்டப்பட்டது வேட்டி’ என்னும் விளக்கத்தை இவற்றோடு ஒப்ப வைத்தல் இயலாது. அதனை வடமொழியில் ‘சுற்றுதல்’ எனப் பொருள்படும் வினையோடு இணைப்பாரும் உளர். இடையில் சுற்றி உடுக்கும் ஆடைக்கு அப்பொருளும் இசைகிறது. துணிக்கும் அறுவைக்கும் வினைவடிவமும் இலக்கிய ஆட்சியும் ஒருங்கே சான்றாக உள்ளன. வேட்டிக்குப் பொருள் ஒப்புமை மட்டுமே காட்டப்படுகிறது.