ஐபிவி4 – ஐபிவி6 மாற்றம்

ஐபிவி4 – ஐபிவி6 மாற்றம் என்பது இணையத்தை 32 பிட் முகவரி முறையிலிருந்து 128 பிட் முகவரி முறைக்குக் கொண்டுசெல்லும் பணியாகும். 1981இல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4 ஏறத்தாழ 429 கோடி முகவரிகளையே தரும். நடுவண் இருப்பில் எஞ்சிய கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3 அன்று மண்டலப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஐபிவி6 1995இலேயே வெளிவந்துவிட்டது.

ஆயினும் மாற்றம் இன்றும் முடியவில்லை. இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச இயலாது. பொதித் தலைப்பின் அமைப்பே வேறு. 1983 சனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் ஒரே நாளில் டிசிபி/ஐபிக்கு மாறியபோது இணைந்திருந்தவை சில நூறு கணினிகளே. இன்று அப்படி நாள் குறிக்க முடியாது.

எளிய வழி இரட்டை அடுக்கு: ஒவ்வொரு கருவிக்கும் இருவகை முகவரியும் வழங்குவது. ஆனால் தீர்ந்துபோன ஐபிவி4 முகவரி இதற்கும் வேண்டும் என்பதுதான் வேடிக்கை. ஐபிவி6 பொதியை ஐபிவி4 பொதிக்குள் வைத்து அனுப்புவது சுரங்கவழி. கூடுதல் தலைப்பு 20 பைட் பிடிப்பதால், 1500 பைட் பொதியில் உள்ளே 1480 பைட்டுக்கே இடமிருக்கும்.

கைபேசி வலையமைப்புகளில் பெரிதும் உதவுவது என்ஏடி64. ஐபிவி6 முகவரி மட்டுமே கொண்ட கைபேசி, ஐபிவி4 மட்டுமே உள்ள ஒரு தளத்தின் பெயரைக் கேட்கிறது எனக் கொள்வோம். டிஎன்எஸ்64 வழங்கி, குறித்துவைத்த 96 பிட் முன்னொட்டின் பின்னால் அத்தளத்தின் 32 பிட் முகவரியை ஒட்டி, ஐபிவி6 முகவரிபோல விடையளிக்கும். கைபேசி அதற்கே பொதியை அனுப்பும். வழியிலுள்ள நுழைவாயில் கடைசி 32 பிட்டைப் பிரித்தெடுத்து, தன் ஐபிவி4 முகவரியிலிருந்து புதிய பொதியை அனுப்பும். பதில் யாருக்கு என்பதை அறியத் துறை எண்ணை அட்டவணையில் குறித்துக்கொள்ளும்.

பெயரைக் கேட்காமல், ஐபிவி4 எண்ணையே நிரலுக்குள் எழுதிவைத்த செயலி இங்கே தோற்றுவிடும். இதனால்தான் ஆப்பிள் நிறுவனம், 2016 சூன் 1 முதல் தன் கடைக்கு வரும் செயலிகள் ஐபிவி6 மட்டுமுள்ள வலையமைப்பிலும் இயங்க வேண்டும் என விதித்தது. 2013இல் வெளியான 464எக்ஸ்லாட் வேறு வழியைக் கையாள்கிறது: கைபேசிக்குள்ளேயே ஒரு மாற்றியை வைத்து, பழைய செயலிக்கு ஐபிவி4 இருப்பதுபோலக் காட்டுகிறது.

நுழைவாயிலின் ஒரு முகவரியைப் பலர் பகிர்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவரின் தவறான செயலுக்காக ஒரு தளம் அந்த முகவரியைத் தடுத்தால், அதே முகவரியில் வரும் மற்றவர்களும் சேர்ந்தே தடுக்கப்படுவர்.