செங்காந்தள்: காட்டில் காசு, வீட்டில் நஞ்சு



மழை பெய்து ஓய்ந்ததும் வேலி ஓரத்தில் தீக்கொழுந்து போல ஒரு பூ பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் செங்காந்தள். நம் தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள். கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்பார்கள். பேர் எத்தனை இருந்தாலும் செடி ஒண்ணுதான்.

எங்கே வளரும்?

ஆசியா, ஆப்பிரிக்கா கண்டங்களின் வெப்பமான நாடுகளில் இது தானாகவே வளரும். ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசிய மலர். நம் பக்கம் புதர்க்காடு, வேலி, மலையடிவாரம் ஆகிய இடங்களில் காணலாம். இலையின் நுனியே சுருண்டு கம்பி போலாகி, பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டு ஏறும். பூவின் இதழ் முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. காய்த்து முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் தூங்கிக் கிடந்து, அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும்.

பயன் என்ன?

இதன் விதையிலும் கிழங்கிலும் கால்சிசின் என்ற பொருள் இருக்கிறது. ‘கவுட்’ எனப்படும் மூட்டு நோய்க்கு இதிலிருந்து மாத்திரை தயாரிக்கிறார்கள். அதனால்தான் விதைக்கு நல்ல கிராக்கி. ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, மூலனூர், தாராபுரம் பக்கங்களில் பல குடும்பங்களுக்கு இதுவே பணப்பயிர்.

சாகுபடி எப்படி?

தண்ணீர் தேங்காத செம்மண் அல்லது மணல் கலந்த நிலம் ஏற்றது. ஜூன், ஜூலை மாதங்களில் 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கை நடலாம். முளைக்குருத்து ஒடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். கொடி ஏற முள்கிளுவை நடலாம், கம்பிப் பந்தலும் போடலாம். தானாகக் காய் பிடிப்பது குறைவு. ஆகவே காலை வேளையில் மகரந்தத்தைக் கையால் எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். நட்டு 160 முதல் 180 நாட்களில் காய் அறுவடைக்கு வரும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்

மருந்தாகும் அதே பொருள்தான் அளவு மீறினால் நஞ்சு. உடம்பில் புதிதாக உயிரணுக்கள் உண்டாவதை அது நிறுத்திவிடும். கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றுவிட்டால், சில மணி நேரத்தில் வாய் எரிச்சல், வாந்தி, பேதி தொடங்கும். “வெறும் பேதிதானே, சரியாப் போயிடும்”னு இருந்துவிடக் கூடாது. வாந்தி நின்ற பிறகும் இரத்தம், சிறுநீரகம், இருதயம் கெட்டு உயிர் போகலாம். சமைத்தாலும் நஞ்சு போகாது. கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தின்றது போக மிச்சம் இருந்தால் மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.

கருவுற்ற தாய்மாருக்கு

“இந்தக் கிழங்கு கருவைக் கலைக்கும், பிரசவத்தைச் சீக்கிரமாக்கும்” என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அதை நம்பிய பெண்கள் உயிரிழந்திருக்கிறார்கள். உள்ளுக்கும் வேண்டாம், மேலுக்கும் பூச வேண்டாம்.

வேண்டாத கர்ப்பம் என்றால் வெட்கமோ பயமோ வேண்டியதில்லை. தகுதி பெற்ற மருத்துவர் மூலம், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் கருக்கலைப்பு செய்துகொள்ள 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. 2021-இல் அது திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவர் சம்மதமே போதுமானது. கணவர் கையெழுத்து கட்டாயமில்லை. விவரம் வெளியே போகாது. நாள் கடத்தாமல் சீக்கிரம் போவது நல்லது.

அதைவிட நல்லது, வருமுன் காப்பது. ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி, அந்தரா ஊசி எல்லாம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். கணவனும் மனைவியும் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

பயிரிடும் வீட்டார் கவனத்துக்கு

• விதைக் கிழங்கை அடுப்படியில் வைக்காதீர்கள். தனி அறையில் பூட்டி வையுங்கள்.
• விதை காயும் களத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.
• வேலையின்போது கையுறை போடுங்கள். வெற்றிலை, தீனி எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; கழுவாத கையால் கண்ணைத் தொடாதீர்கள்.
• விதை உடைக்கும் வேலைக்குக் கர்ப்பிணிகளை அனுப்பாதீர்கள்.
• சமையல் பாத்திரத்தில் விதை அளக்காதீர்கள்.

பூவைக் கண்ணால் பார்த்தால் தீங்கில்லை. பயிரிட்டால் பணம் தரும். வாய்க்கு மட்டும் கொண்டு போகாதீர்கள்.

மேலும் விவரம் வேண்டுமானால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்து வாருங்கள்.