மூடி திறந்ததும் தெரிந்துவிடும்

ஹாங்காங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. பத்துப் பன்னிரண்டு மேசைகளே உள்ள ஒரு சிறிய உணவகம். மேசைக்கு வந்த மூங்கில் கூடையின் மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு ஹார் காவ். இறால் பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் சின்னக் கொழுக்கட்டை அது. உள்ளே இருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரிய வேண்டும். அவ்வளவு மெல்லிய தோல். இந்தக் கூடையிலோ தோல் வெள்ளை வெளேரென்று தடித்துக் கிடக்கிறது. குச்சியால் தூக்கினால் அடிப்பக்கம் காகிதத்தில் ஒட்டிக் கிழிகிறது. இறால் கூடையிலேயே விழுந்துவிடுகிறது. எடுத்து வாயில் போட்டால் மாவு இழுபடுகிறது, இறால் சப்பென்று இருக்கிறது.

டிம் சம் எனப்படும் இவ்வகைச் சிற்றுண்டிகளைச் சாப்பிடப் போய் ஏமாந்தவர்கள் பலருக்கும் இந்தக் கூடை பழக்கமானதுதான்.

குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் கண்டோனீஸ் மக்கள் டிம் சம் சாப்பிடப் போவதை 'யம் சா' என்கிறார்கள். தேநீர் குடிப்பது என்று பொருள். பழைய தேநீர்க் கடைகளில் காலையில் ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு சிற்றுண்டி என்பதுதான் கணக்கு. தாத்தா, பேரன் எல்லோரும் ஒரே வட்ட மேசையில் உட்காருவார்கள். கோப்பையில் ஒருவர் தேநீர் ஊற்றினால், பெறுபவர் இரண்டு விரல்களால் மேசையைத் தட்டி நன்றி சொல்வார். தேநீர் தீர்ந்துவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டாம், கெண்டியின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும், வெந்நீர் வரும். வாரம் முழுவதும் பார்க்க முடியாதவர்கள் பார்த்துப் பேசும் இடம் அது. அங்கே பண்டம் சரியில்லாமல் போவது வெறும் காசு நஷ்டம் அல்ல.

எங்கே கெடுகிறது? மாவிலிருந்தே தொடங்கலாம். கோதுமை மாவிலிருந்து குளூட்டனைக் கழுவி நீக்கியபின் மிஞ்சும் ஸ்டார்ச்சோடு மரவள்ளி ஸ்டார்ச் போன்ற ஒன்றைக் கலந்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கிளறுகிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மாவு கிளறியவர்களுக்கு இது உடனே புரியும். அரிசி மாவைப் போலவே இதிலும் குளூட்டன் இல்லை. வெந்நீர்தான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. நீரின் சூடு குறைந்தால் மாவு விரிசல் விடும், விளிம்பு பிளக்கும்.

சப்பாத்திபோல இதைத் தேய்ப்பதில்லை. அகலமான கத்தியின் பக்கவாட்டில் எண்ணெய் தடவி, சிறு உருண்டையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தித் திருப்பினால் வட்டமான தோல் கிடைக்கிறது. பூரணம் வைத்தபின் ஒரு பக்கத்தில் மட்டும் மடிப்பு போட வேண்டும். குறைந்தது ஏழு மடிப்பு, தேர்ந்த கை என்றால் பத்துக்கு மேல். இறாலை உப்பும் ஸ்டார்ச்சும் போட்டுப் பிசறி, குளிர்ந்த நீரில் நன்றாக அலசி, ஈரத்தை ஒற்றி எடுப்பார்கள். கடித்தால் 'நறுக்'கென்று இருப்பது அதனால்தான். இவ்வளவும் முடிந்தபின் அடுப்பில் இருப்பது ஐந்தாறு நிமிடம் மட்டுமே. விடிவதற்கு முன்பே சமையலறை வேலை தொடங்குவது ஏன் என்று இப்போது விளங்கும்.

இதற்கென்றே ஒரு சமையல்காரரை வைத்துக்கொள்வது சிறிய கடைக்குப் பெரும் செலவு. வாடகை எகிறிய ஊரில் பல கடைகள், தொழிற்சாலையில் செய்து உறையவைத்ததை வாங்கி ஆவியில் வைத்துத் தருகின்றன. உறையும்போது இறாலுக்குள் உருவாகும் பனித்துகள்கள் சதையைக் கிழிக்கின்றன. சூடானதும் நீர் வடிந்து இறால் சக்கையாகிறது. ஸ்டார்ச் தோலும் குளிரில் இறுகி வறண்டுவிடுகிறது. அதை மறுபடி இளக்க அதிக நேரம் ஆவியில் விட்டால் அடிப்பக்கம் குழைந்து ஒட்டிக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு வந்த கூடையின் கதை அநேகமாக இதுதான்.

ஆனால் கடை சிறியது என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது. 2009இல் ஹாங்காங்கின் மோங் கோக் பகுதியில் டிம் ஹோ வான் தொடங்கப்பட்டபோது அதில் சுமார் இருபது பேர்தான் உட்கார முடியும். தொடங்கியவர்களில் ஒருவரான மாக் குவாய் புய், உணவகங்களின் தரத்துக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரம் மூன்று பெற்ற ஓட்டல் உணவகம் ஒன்றில் டிம் சம் செய்தவர். கேட்டபின் செய்து சுடச்சுடத் தருவதுதான் அங்கே முறை. 2010இல் அந்தச் சின்னக் கடைக்கு ஒரு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. தெருவில் வரிசை நீண்டது. சின்ன அடுப்படியில் இது முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கையும் நேரமும் இல்லாத கடை, நாற்பது பண்டம் எழுதிய பட்டியலை நீட்டாமல், தன்னால் புதிதாகச் செய்ய முடிந்த ஆறேழு மட்டும் தந்தாலே மரியாதை.

சாப்பிடப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். முதலில் ஒரு கூடை ஹார் காவ் மட்டும் சொல்லுங்கள். மூடி திறந்ததும் ஆறவிடாமல் எடுங்கள். தோல் கிழியாமல் வந்து, உள்ளே இறால் நிறம் தெரிந்தால், மற்றதை எல்லாம் தைரியமாகச் சொல்லலாம். ஒட்டிக்கொண்டு கிழிந்தால், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.